நகையோடு போன ஆள்

எங்கள் ஊர் ஆண்டை வீட்டுப் பாட்டுப் பெட்டி அடகுக்கு வந்தபோது அதைத் துடைத்து அலமாரியில் ஏற்றியவன் நான். துடைக்க வேண்டிய தூசி அதில் இல்லை. ஆனாலும் துடைத்தேன். அகலமாக வாய் திறந்திருந்த அந்தப் பித்தளைக் குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். சின்ன வயதில் அவர் வீட்டுக் கொட்டகையில் சாணி வாரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அது பாடும். பாட்டுக் கேட்டு நின்றால் முதுகில் ஒரு அடி விழும். அந்தப் பெட்டி இப்போது என் கைக்கு எட்டுகிற உயரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டேன்.

நிலம் வைத்திருந்தவரை எங்கள் தெருவில் ஆண்டை என்றுதான் சொல்ல வேண்டும், நேரில் ஆண்டே என்று கூப்பிட வேண்டும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதைக்காக எழுதவில்லை. அவர் பேரை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்ததும் படிப்பு நின்றது. சில வருஷம் அவர் கழனியில் கிடந்தேன். பிறகு உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு அடகுக் கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடையில் நம்ம பேச்சு. என்னை அவருக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், நான் யாரிடமும் பேச மாட்டேன். எனக்குக் கூச்சம். நாலு பேர் நின்றால் என் பேரைச் சொல்வதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அடகுக் கடையில வேலை செய்றவனுக்கு வாய் இருக்கக் கூடாது நைனா. உனக்குச் சாமி குடுத்து அனுப்பிக்கீது" என்பார்.

பெருக்குவதில் இருந்து துடைப்பதற்கும், துடைப்பதில் இருந்து சாமான்களை எடுத்து வைப்பதற்கும், கடைசியில் பெட்டிச் சாவி வரைக்கும் வந்துவிட்டேன்.

ஆண்டை வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூடப் பிறந்த தம்பியோடு ஏரிப் பாசன நிலத்துக்கு வழக்கு. செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து வக்கீல்களுக்குக் கொடுத்தே வீடு காலியாகிக்கொண்டிருந்தது. பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளிக் கும்பாக்கள், வெள்ளி வெற்றிலைப் பெட்டி, பன்னீர்ச் சொம்பு. பிறகு தங்கம். கடைத்தெரு உச்சி வெயிலில் அடங்கிக் கிடக்கும் நேரம் பார்த்து, துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். என்னைப் பார்க்க மாட்டார். முதலாளியிடம் மட்டும் பேசுவார். துண்டைப் பிரித்து அவர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு பொருளையும் நான் இரண்டு கையாலும் வாங்குவேன். மெதுவாக வாங்குவேன். அவர் சீக்கிரம் போக வேண்டும் என்று தவிப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மெதுவாக.

ஏன் அவ்வளவு வன்மம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அக்காவைப் புள்ளலூரில் கொடுத்தோம். மாமா வீட்டில் அவளுக்கு வெள்ளிக் கொலுசு போட்டார்கள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண் காலிலும் வெள்ளி ஏறினதில்லை. கல்யாணம் முடிந்து பஸ்ஸுக்குப் போகும்போது ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டோம். எல்லாம் ஞாபகம் இருந்தது. கொலுசு மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டோம்.

வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஆண்டை எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா சத்தம் அது? மாடா?"

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், கையைக் கட்டிக்கொண்டு, "பொண்ணு ஆண்டே, புதுப் பொண்ணு" என்றார்.

"பொண்ணா? சலங்கை சத்தம் கேக்குதே, எந்த வூட்டு வண்டி மாடோன்னு பாத்தேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அக்கா காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நைனாதான் சொன்னார், "கழட்டிடு கண்ணு." அக்கா கல்யாணப் புடவையோடு தெருவில் குந்தி, திருகாணி வராமல் முந்தானை முனையால் பிடித்துத் திருகி, கழற்றினாள். எங்கள் மாமா, புது மாப்பிள்ளை, பக்கத்தில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொலுசை அக்கா பிறகு போடவே இல்லை. விற்று ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஆண்டையின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு காஞ்சிபுரம் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று ஒட்டியாணம், காசுமாலை, வைரத்தோடு எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்குள் அவ்வளவும் எங்கள் கடைப் பெட்டிக்கு வந்துவிட்டது. தீர்ப்பு தனக்குத்தான் ஆகும், மீட்டுவிடலாம் என்று இருந்திருப்பார். வாய்தாதான் ஆனது.

எங்கள் கடையில் இதற்கு ஒரு வழி உண்டு. பல கடைகளில் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். அடகில் இருக்கும் நகையைக் கல்யாணத்துக்கு ஒரு நாள் வெளியே விடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு தொகை. நகையோடு கடை ஆள் ஒருவர் போவார். விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்து, பொழுது சாய்வதற்குள் நகையை வாங்கிக்கொண்டு திரும்புவார். கல்யாணப் பெண் போடும் நகை என்றால் ஒரு பொம்பளையும் போக வேண்டும், பெண் இருக்கும் அறைக்குள் ஆம்பளை உட்கார முடியாதே. வழக்கமாக முதலாளியும் அவருடைய அத்தையும் போவார்கள். அந்தச் சமயம் அத்தைக்குக் கால் வீங்கிப் படுக்கை, முதலாளிக்கு அதே நாளில் சொந்தத்தில் ஒரு கல்யாணம்.

ஆண்டை கடையில் உட்கார்ந்திருந்தார். நான் முதலாளியிடம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று கேட்டேன்.

"நான் போறேன். எங்க அக்கா வரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். ஆண்டையும் அன்றைக்குத்தான் அந்தக் கடையில் என்னைப் பார்த்தார்.

"இவனா?" என்றார். "இன்னா விளையாடறியா நீ? இவன் யாரு வூட்டுப் பையன்னு தெரியுமா? இவங்க அக்காவ என் பொண்ணு பக்கத்துல உக்கார வெப்பியா?"

"என் கடைக்கு அவன் சாவி வெச்சிக்கினு கீற ஆளு. எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றார் முதலாளி. "பேஜாரா இருந்தா விடுங்க. பணத்தக் கட்டி மீட்டுக்கினு போங்க. ஆளே வர வேணாம்."

ஆண்டை துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

புள்ளலூருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு நகை என்று சொன்னதும் கழுவுவதை நிறுத்தினாள்.

"கழட்டறது நானா?"

"நீதான்."

"வரேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கட்டிக்கினு வர நல்ல பொடவ இல்லடா" என்றாள்.

அதற்கும் கடையிலேயே வழி இருந்தது. யாரோ அடகு வைத்திருந்த அரக்குப் பட்டுப் புடவை ஒன்றை முதலாளி எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒரு சரிகை வேட்டி, ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் ஓடவில்லை. "ஓடினா இன்னா, ஓடாட்டி இன்னா. கையில இருந்தா போதும்" என்றார். இப்படி இன்னொருத்தர் அடகுச் சாமானை உடுத்திக்கொண்டு, இன்னொருத்தர் அடகுச் சாமானைக் காவல் காக்க நாங்கள் இரண்டு பேரும் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டார் பிடித்த சத்திரத்தில். எங்கள் ஊரில் இருந்து ஆண்டையின் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியாது. திறந்தால் நாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பட்டுப் புடவையில் அக்கா படி ஏறியபோது அவர்கள் முகம் போன போக்கை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெருத்த உடம்புக்காரர், உரத்த குரல். என்னைக் காட்டி, "இவரு யாரு சம்மந்தி?" என்று கேட்டார்.

"நமக்குக் கணக்குப் பாக்கறவரு" என்றார் ஆண்டை.

பாக்கறவரு. என்னை ரு போட்டு அவர் சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்கு ஒரு நாற்காலியும் கிடைத்தது.

தாலி கட்டி முடிந்தது. அக்கா பெண்ணுக்குப் பின்னாலேயே இருந்தாள். பெண் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். கண் ஒட்டியாணத்திலும் காதிலும். முதலாளி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பந்தி ஆரம்பித்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து இலைக்கு இழுத்தான். ஆண்டை எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"அவருக்கு இன்னிக்கு விரதம்பா. உடு உடு."

அந்தப் பந்தியில் நான் உட்கார்ந்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம். நகை அடகில் இருப்பதைக் காட்டிலும் அது பெரிய பயம். நாற்காலியில் உட்கார்ந்து சாம்பார் வாசனையை மோந்துகொண்டிருந்தேன். அக்காவுக்கும் இலை போடவில்லை.

நகையை எடுப்பதற்கு ஆண்டை வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது, வழிப் பயணத்துக்கு நகை வேண்டாம், பின்னால் பத்திரமாக அனுப்புகிறோம் என்று சொல்லி அறைக்குள்ளேயே கழற்றிக் கொடுத்துவிடுவது. அது அப்படியே நடந்திருக்கும். நானும் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என்ன செய்திருக்க முடியும்? கெடுத்துக்கொண்டது அவர்களே.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, பெண்ணை விட்டு அசையாமல் நிற்கும் அக்காவைக் காட்டி இது யார் என்று பெண்ணின் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். சொந்தம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை. எங்களைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது, பொய்யாகத்தான் இருந்தாலும்? அவசரத்துக்கு, "நர்சம்மா, தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். கல்யாணப் பெண்ணுக்கு எதற்கு நர்சு?

சாப்பாடு முடிந்து தாம்பூலம் போடும் நேரத்துக்குள் அந்தக் கேள்வி சத்திரம் முழுக்கச் சுற்றிவிட்டது. பெண்ணுக்கு வலிப்பு என்றாள் ஒருத்தி. வலிப்பு இல்லை, வயிற்றில் என்று இன்னொருத்தி இழுத்தாள். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு நேராக ஆண்டையிடம் வந்தார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

"பொண்ணுக்கு இன்னா சீக்கு?"

"சீக்கா? யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா. காலைல இருந்து ஒரு நர்சு அது இடுப்பையே பாத்துக்கினு கீறா. எதுக்கு? சொல்லு. இல்லன்னா நாங்க எங்க புள்ளைய இட்டுக்கினு போறோம். உம் பொண்ண நீயே இட்டுக்கினு போ."

ஆண்டை சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கண் என் மேல் வந்து நின்றது.

"இதோ, இவர வேணா கேளுங்க. எங்க வூட்டு விசயம் பூரா இவருக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சீக்கு ஒன்றும் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். என் நாக்கு எப்போதும் போல ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்றைக்கு நானும் அதைப் பிரிக்கப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டை முன்னால் நான் அப்படித்தான் நின்று பழக்கம். அவர்தான் பழக்கியது.

"பாத்தியா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "உன் ஆளே வாயத் தொறக்க மாட்றான். பெருசா என்னவோ கீதுடா இதுல."

"டேய்," என்றார் ஆண்டை. ரு போய்விட்டது. "சொல்லுடா."

நான் சொல்லவில்லை.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"சீக்கு இல்ல சம்மந்தி. நகை அடகுல கீது."

"எந்த நகை?"

"பொண்ணு போட்டுக்கினு கீற நகை."

"போட்டுக்கினு கீற நகை எப்படியா அடகுல இருக்கும்? யாருக்குக் காது குத்தற?"

அவர் முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. கடை, வழக்கு, ஒரு நாள் ஏற்பாடு, நகையோடு வந்த ஆட்கள். சொல்லச் சொல்லக் கூட்டம் நெருங்கிக்கொண்டே வந்தது. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னார். நான் குனிந்தபடியே ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா நம்பவில்லை. என்னைத் தொட்டு, "நெசமாய்யா?" என்றார்.

"எங்க அக்காவக் கேளுங்க" என்றேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் வாய் திறந்தது அதற்குத்தான்.

ஆண்டை பெண் இருந்த அறை வாசலுக்குப் போனார். "ஏய்" என்று ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் நின்றது. நிறுத்திக்கொண்டு, "அம்மா, இப்படி வாம்மா" என்றார்.

அக்கா பெண்ணோடு வெளியே வந்தாள்.

"நீ நர்சா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"எனக்கு ஊசி போடத் தெரியாதும்மா. நாத்து நடத் தெரியும்" என்றாள் அக்கா. "பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்ல. நல்லா கீது. நகைக்குத்தான் காவலு நானு. பொழுது சாயக் கழட்டிக்கினு போவணும்."

"அப்படின்னா இப்பவே கழட்டு. பாக்கலாம்."

அக்கா ஒட்டியாணத்தில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். ஆண்டையைப் பார்த்தாள்.

"நானாக் கழட்ட மாட்டேன். பொண்ணப் பெத்தவரு சொல்லட்டும்."

மேளக்காரர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆண்டை மகளைப் பார்த்து, "கழட்டிடு கண்ணு" என்றார். சத்தமே வரவில்லை. அக்கா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இன்னா சொன்னீங்க? கேக்கல" என்றாள். அவர் இன்னொரு முறை சொன்னார்.

அந்தப் பெண் அழவில்லை. "சீக்கிரம் கழட்டுங்க, காலைல இருந்து மூச்சு முட்டுது" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா ஒட்டியாணத்தைத் தளர்த்தினாள், காசுமாலையைத் தலை வழியாக எடுத்தாள், தோட்டைத் திருகினாள். திருகும்போது காது வலிக்காமல் பிடித்துக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கல் இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன். கடையில் அவரிடம் வாங்குகிற மாதிரியே மெதுவாக. வைரத்தோட்டில் ஏழு கல்லையும் விரலால் தொட்டு எண்ணினேன். குறையாது என்று எனக்குத் தெரியும்.

பெண் தாலிச் சரடோடு நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சீக்கு இல்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல், ஏமாந்ததில் ஒரு ஆத்திரம். அடுத்த ஆடிக்குள் நகை வரவில்லை என்றால் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடும் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வைத்தார். ஆண்டை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் சத்திரத்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். ஆண்டை தனியாக வந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். அக்காவைத் தாண்டி என்னிடம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"திருப்தியாடா?"

நான் பிறந்ததில் இருந்து அவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆண்டே என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். கிட்டத்தில் பார்த்தால் சின்ன முகம்.

"இல்ல" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் அக்கா பூரி வேண்டும் என்றாள். அவள் அதுவரை பூரி தின்றதில்லை. நகைப் பெட்டியை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"வாசல்ல இன்னா கேட்டான் உன்ன?"

சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன்."

"அவ்ளோதானா?" என்றாள். வாய் நிறையப் பூரியோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நானா இருந்தா இன்னும் நாலு வார்த்தை சேத்துக் குடுத்திருப்பேன். சரி, போவுது. உனக்கு அதுவே ஜாஸ்தி."

அந்த நாலு வார்த்தை என்ன என்று கேட்டேன். பஸ் வருகிற வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலோடு நிற்கவில்லை.